ஆராய்ச்சி மணி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் கூட்டம் ஒரு மொட்டை மாடியில் நடந்தது. பீர்க்கன்கரணை ஏரியிலிருந்து நல்ல காற்று வந்துகொண்டிருந்தது. நாற்காலிகள் போட்டிருந்தார்கள், சுண்டலும் காப்பியும் கொடுத்தார்கள். கூட்டத்தின் முன் இருந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் தெருவில் திரிகிற பதினோரு நாய்களையும் பிடித்து, வண்டியில் ஏற்றி, எங்கேயாவது தொலைவில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். அதற்கு ஒரு மனு எழுத வேண்டும். எழுத்தாளன் ஒருவன் தெருவில் குடியிருக்கும்போது மனு எழுதுகிற வேலை வேறு யாருக்குப் போகும்? காகிதத்தையும் பேனாவையும் என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

நான் அன்று எழுதவில்லை. "ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள்" என்றேன். அதற்காக இரண்டு கட்சிக்காரர்களும் என்னைக் கோபித்துக்கொண்டார்கள். அவர்கள் இருவருக்கும் நான் சொல்லுகிற பதில்தான் இந்தக் கட்டுரை. பதில் கொஞ்சம் காரமாக இருந்தால் அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. காரம் தவறி விழவில்லை, தெரிந்துதான் போட்டிருக்கிறேன்.

முதல் கட்சியின் தலைவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். கணக்குவழக்கில் சுத்தமானவர், மனிதர்களிடம் மரியாதை தவறாதவர். அவர் சொன்னார்: "நாய்க்கு என்ன சார் தெரியும்? இங்கே இருந்தாலும் ஒன்றுதான், செங்கல்பட்டுக்கு அந்தண்டை இருந்தாலும் ஒன்றுதான். வயிற்றுக்குக் கிடைத்தால் வாலை ஆட்டும். ஐந்தறிவு. நீங்கள் கதை எழுதுகிறவர். அதற்கும் மனசு இருக்கிறது என்பீர்கள்."

இரண்டாவது கட்சிக்குத் தலைவி, தினமும் இரவு ஒன்பது மணிக்குப் பிஸ்கட் பொட்டலத்தோடு தெருவில் இறங்குகிற ஓர் அம்மாள். அவர் எழுந்து, "அதுங்க என் குழந்தைங்க சார். அதுங்க மனசிலே என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியும். வாயில்லா ஜீவனுக்கு நான்தான் வாய்" என்றார்.

இந்த இருவருக்கும் நடுவில் ஓர் இளம் தாய் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒன்றுமே பேசவில்லை. மடியில் இருந்த ஆறு வயதுப் பையனின் காலை மெல்லத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் காட்டினாள். ஆடுசதையில் நான்கு பல் தடம். மூன்று வாரத்துக்கு முந்தியது. ஊசிகள் போட்டாகிவிட்டது, பையன் சுகமாக இருக்கிறான். ஆனால் நாய் குரைத்தால் இன்னும் படுக்கையை நனைக்கிறான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்தப் பையனின் காலை மறந்துவிட்டு நாயைப் பற்றி எழுதுகிறவன் நேர்மையாக எழுத முடியாது. ஆகையால் அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி மேலே போகலாம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரியவரும் அம்மாளும் எதிரிகள் அல்லர், ஒரே கட்சிக்காரர்கள் என்று எனக்குப் பட்டது. ஒருவர் 'அதற்கு ஒன்றும் தெரியாது' என்கிறார். மற்றவர் 'அதற்கு என்ன தெரியும் என்பது எனக்குத் தெரியும்' என்கிறார். இருவரும் ஒரு காரியத்தைச் செய்யவில்லை. நாயைக் கேட்கவில்லை.

நாயைக் கேட்பதா என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் சிரித்தவன்தான். இன்னும் வெட்கக்கேடான ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். முப்பது வருஷங்களுக்கு முன் ஒரு வண்டிமாட்டைப் பற்றி நான் ஒரு சிறுகதை எழுதினேன். அந்த மாடு நுகத்தடியில் நின்றபடி நாலு பக்கத்துக்குத் தன் வாழ்க்கையைப் பற்றிச் சிந்திக்கும். வாசகர்கள் கண்ணீர் விட்டதாகக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களை நான் பத்திரமாக வைத்திருந்தேன். இப்போது எடுத்துப் பார்த்தால், அந்த மாடு சிந்தித்தவை எல்லாம் என் சிந்தனைகள். என் கவலையை, என் கடனை, என் சலிப்பை அதன் தலையில் ஏற்றிவிட்டிருக்கிறேன். ஏற்கெனவே வண்டி இழுத்துக்கொண்டிருந்த மாட்டுக்கு இன்னொரு பாரம்! மாட்டுக்கு எது வலிக்கிறது, எது வேண்டும் என்று ஒரு வரிகூட அந்தக் கதையில் கிடையாது. ஏனென்றால் எனக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

நமக்கெல்லாம் தெரிந்த மாடு ஒன்று உண்டு. திருவாரூரில் கல்தேர் செய்து வைத்திருக்கிறோமே, அந்தக் கதையின் பசு. இளவரசனின் தேர்க்காலில் கன்றைப் பறிகொடுத்து, அரண்மனை வாசலில் கட்டியிருந்த மணியை அசைத்த பசு. மனுநீதிச் சோழனின் நீதியைப் புகழ்ந்து நாம் தலைமுறை தலைமுறையாகப் பேசி வந்திருக்கிறோம். மகனைத் தேர்க்காலில் இட்ட கொடுமையையும் தியாகத்தையும் பற்றிப் பட்டிமன்றம் நடத்தியிருக்கிறோம். ஆனால் அந்த மணிக்குத் தமிழில் என்ன பெயர் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆராய்ச்சி மணி. கட்டியடித்த மணி, முறையீட்டு மணி என்றெல்லாம் அதற்குப் பெயரில்லை. யார் அசைத்தாலும் அரசன் இறங்கிவந்து, நடந்தது என்ன என்று ஆராய வேண்டும். அதற்குத்தான் அந்தப் பெயர்.

இன்று ஆராய்ச்சி என்றால் விஞ்ஞானிகள் செய்யும் காரியம் என்று ஆகிவிட்டது. ஆகட்டுமே! கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் பிராணிகளின் நலம் பற்றி விஞ்ஞானிகள் செய்திருப்பதும் அதே காரியம்தான். மாட்டுக்கும் கோழிக்கும் மீனுக்கும் எட்டுகிற மாதிரி ஒரு மணியைக் கட்டியிருக்கிறார்கள். அது அடித்துக்கொண்டும் இருக்கிறது. நாம்தான் மாடியில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

கதை சொல்லுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1964-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ரூத் ஹாரிஸன் என்ற பெண்மணி, பண்ணைகளில் கோழிகளையும் கன்றுகளையும் இயந்திரங்கள்போல் நடத்துவதை ஒரு புத்தகமாக எழுதினார். நாடே கொந்தளித்தது. அரசாங்கம் பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. 1965-இல் அறிக்கை வந்தது. கமிட்டியில் இருந்தவர்கள் நல்லவர்கள், படித்தவர்கள். அவர்கள் கோழிக் கூண்டின் தரையைப் பார்த்தார்கள். மெல்லிய அறுகோணக் கம்பிவலை. 'ஐயோ, காலை அறுக்குமே' என்று இரக்கப்பட்டார்கள். அந்த வலை வேண்டாம், கனமான கம்பித் தரை போடுங்கள் என்று சிபாரிசு செய்தார்கள்.

சில ஆண்டுகள் கழித்து, ஹியூஸ், பிளாக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். பலவிதத் தரைகளைப் பக்கம் பக்கமாக வைத்தார்கள். கோழிகளை விட்டார்கள். எந்தத் தரையில் போய் நிற்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கமிட்டி கூடாது என்று ஒதுக்கிய அந்த மெல்லிய வலையில்தான் கோழிகள் போய் நின்றன! அதில் காலுக்கு ஊன்றுகிற இடம் அதிகமாகக் கிடைத்தது. 1973-இல் இது வெளியாயிற்று. கருணையுள்ள கனவான்கள் கோழிக்காகப் பேசினார்கள், தவறாகப் பேசினார்கள். கோழி தன் காலால் பதில் சொல்லித் திருத்தியது.

இதைப் படித்தபோது என் வண்டிமாட்டுக் கதையை நினைத்துக்கொண்டேன். பிஸ்கட் அம்மாளும் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். இரக்கம் இருந்தால் மட்டும் அறிவு வந்துவிடாது. 'எனக்குத் தெரியும்' என்று சொல்லுகிற இரக்கம், சில சமயம் மிகவும் சௌகரியமான ஒரு சோம்பேறித்தனம்.

பெரியவருக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். 2000-ஆம் ஆண்டில் வெளியான இன்னொரு ஆராய்ச்சி. இறைச்சிக்காக வேகமாக வளர்க்கப்படும் கோழிகளில் பல, உடம்பின் கனம் தாங்காமல் நொண்டுகின்றன. அப்படி நொண்டுகிற கோழிகளுக்கும் நன்றாக நடக்கிற கோழிகளுக்கும் இரண்டு நிறத் தீவனம் வைத்தார்கள். ஒன்றில் மட்டும் வலி மருந்து கலந்திருந்தது. நொண்டுகிற கோழிகள் மருந்துத் தீவனத்தை அதிகமாகத் தின்றன. நொண்டல் எவ்வளவு மோசமோ அவ்வளவு அதிகமாகத் தின்றன. தின்றபின் நன்றாகவும் நடந்தன. ஐயா, 'வலிக்கிறது' என்று சொல்ல அதற்குமேல் அந்தக் கோழி என்ன செய்ய வேண்டும்? நமக்கு மூட்டு வலித்தால் நாம் செய்வதும் இதைத்தானே?

மீனுக்கு வலிக்காது என்று நம் மார்க்கெட்டில் கூசாமல் சொல்லுவார்கள். 2003-இல் லின் ஸ்னெடன் என்ற பெண் விஞ்ஞானி, திரௌட் மீன்களின் உதட்டில் எரிச்சல் தரும் திரவத்தைச் செலுத்திப் பார்த்தார். மீன்கள் உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்தன, தீனியை மறந்தன. பெல்ஃபாஸ்டில் ராபர்ட் எல்வுட் நண்டினங்களிடம் இதே கேள்வியைக் கேட்டார். இவற்றையெல்லாம் திரட்டி லண்டனில் 2021-இல் ஓர் அறிக்கை வந்தது. 2022-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு இயற்றிய சட்டம், நண்டும் இறாலும் கணவாயும்கூட உணர்வுள்ள ஜீவன்கள் என்று ஒப்புக்கொண்டது. 2012-இல் கேம்பிரிட்ஜிலும் 2024-இல் நியூயார்க்கிலும் விஞ்ஞானிகள் கூடிப் பிரகடனங்களில் கையெழுத்திட்டார்கள். பிரக்ஞை என்பது மனிதனின் தனிச் சொத்து அல்ல என்பதே அவற்றின் சாரம்.

'ஐந்தறிவு' என்று பெரியவர் சொன்னாரே, அந்தக் கணக்குக்கு மூலம் தொல்காப்பியம். ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அவர் வகுத்திருக்கிறார். ஆனால் மனிதர்களை ஆறறிவு உயிர் என்று வகுத்த கையோடு, அந்த வகையில் வேறு சிலவும் உண்டு என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டுத்தான் போகிறார். அந்த 'வேறு சில' யார் யார் என்று உரைகாரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நாமோ முதல் பாதியை மனப்பாடம் செய்துகொண்டு, இரண்டாவது பாதியை மறந்துவிட்டோம். ஐந்தறிவு என்பதை ஒரு வசவாக ஆக்கிவிட்டோம்.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் ஆராய்ச்சி. நம் தெரு நாய்க்கு இதில் என்ன?' என்று கேட்கலாம். நம் தெரு நாயையே கேட்டிருக்கிறார்கள். கல்கத்தாவை அடுத்த மோகன்பூரில் மத்திய அரசின் விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே அனிந்திதா பத்ரா என்ற பேராசிரியையும் அவருடைய மாணவர்களும், விலை கொடுத்து வாங்கிய சீமை நாய்களை விட்டுவிட்டு, எச்சில் இலை பொறுக்குகிற நம் நாட்டு நாய்களையே பல ஆண்டுகளாகக் கவனித்து வந்திருக்கிறார்கள்.

2017-இல் வந்த ஆராய்ச்சி ஒன்று. முன்பின் தெரியாத ஒரு மனிதர், சில தெரு நாய்களுக்குத் திரும்பத் திரும்ப உணவு கொடுத்தார். வேறு சில நாய்களுக்குத் தலையைத் தடவிக் கொடுத்தார். கொஞ்ச நாள் கழித்து, எந்த நாய்கள் அவரை அதிகமாக நம்பி நெருங்கின? தடவிக் கொடுக்கப்பட்ட நாய்கள்! வயிற்றுக்குக் கிடைத்தால் வாலை ஆட்டும் என்றாரே பெரியவர்; பாதிப் பட்டினியில் கிடக்கிற பிராணி, சோற்றைவிட ஆதரவான கையைப் பெரிதாக எண்ணியிருக்கிறது. நம்மில் எத்தனை பேரைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

2020-இல் இன்னொன்று. இரண்டு கிண்ணங்களை மூடி வைத்து, ஒரு மனிதர் ஒன்றை மட்டும் கையால் சுட்டிக் காட்டினார். யாரும் பழக்காத தெரு நாய்கள். நெருங்கி வந்தவற்றில் ஏறக்குறைய 80 சதவீதம், சுட்டிய கிண்ணத்துக்கே போயின. மனிதனின் விரல் என்ன சொல்லுகிறது என்று அவற்றுக்குப் புரிகிறது. ஆனால் எனக்கு அந்த ஆராய்ச்சியில் மனத்தில் தைத்தது வேறு ஒரு விவரம். ஏறக்குறையப் பாதி நாய்கள் கிண்ணத்தை நெருங்கவே இல்லை. தயங்கி, ஒதுங்கி நின்றுவிட்டன. அதுவும் ஒரு பதில்தான் என்று நான் நினைக்கிறேன். மனிதனின் கை சோறு காட்டவும் நீளும், கல்லெடுக்கவும் குனியும் என்று கற்றுக்கொண்ட பிராணி அளித்த பதில்.

இனி, பிஸ்கட் அம்மாளுக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் கசப்பான ஒரு கணக்கு. அதே நிலையத்தார் 2016-இல் வெளியிட்டது. ஐந்து ஆண்டுகளில் 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளை அவர்கள் கண்காணித்தார்கள். ஏழு மாதம் வரை உயிரோடு இருந்தவை ஐந்தில் ஒன்றுகூட இல்லை. மடிந்தவற்றில் 63 சதவீதத்தின் சாவில் மனிதனின் கை இருந்தது. வண்டியில் அடிபடுவதிலிருந்து அடித்துக் கொல்வது வரை. அம்மா, நீங்கள் பிஸ்கட் போட்டு வளர்க்கிற தாய் நாய், ஈன்ற குட்டிகளில் பெரும்பாலானவற்றைத் தெருவிலேயே பறிகொடுக்கிறது. நீங்கள் அழுவதையும் பார்த்திருக்கிறேன். அழுகிறவர், அந்த நாய்க்குக் கருத்தடை செய்ய ஒரு நாளாவது முயன்றதுண்டா? 'பாவம், கத்தி வைக்க மனம் வரவில்லை' என்றீர்கள். உங்கள் மனம் நோகாமல் இருப்பதற்காக ஐந்துக்கு நான்கு குட்டிகள் சாக வேண்டுமா? இது ஜீவகாருண்யம் என்றால், வடலூர் வள்ளலார் அந்த வார்த்தைக்கு வைத்த பொருளை நாம் வெகுவாகக் குறைத்துவிட்டோம்.

இப்போது பையனின் காலுக்கு வருகிறேன். வந்துதான் ஆக வேண்டும்.

வெறிநாய்க் கடி விளையாட்டு அல்ல. நோய்க் குறி தோன்றிவிட்டால் அநேகமாகப் பிழைப்பு இல்லை. மனிதர்களுக்கு வருகிற வெறிநோய் கிட்டத்தட்ட முழுவதும் நாய்களால் வருகிறது. உலகத்தில் இந்நோயால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர்கள். கடித்தவுடனே கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும், அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பிக்க வேண்டும், பாதியில் நிறுத்தக்கூடாது. இதைக் கட்டுரையில் எழுதுவது அழகாக இல்லை என்று யாராவது சொன்னால், அழகு போகட்டும்.

ஆகவே கேள்வி ஒன்றே. அந்தப் பையனை எது காப்பாற்றும்? நாய்களைப் பிடித்துச் செல்வதா?

சென்னை நகரம் இந்தப் பரீட்சையை நூறு வருஷத்துக்கு மேல் எழுதியிருக்கிறது. நகராட்சி நாய்களைப் பிடித்தது, கொன்றது. மறுபடி பிடித்தது, மறுபடி கொன்றது. நாய் குறையவில்லை, நோயும் குறையவில்லை. கொல்ல வேண்டிய எண்ணிக்கைதான் வருஷத்துக்கு வருஷம் ஏறியது. 1959-இல் இந்த நகரத்தில் காப்டன் சுந்தரம் தொடங்கிய ப்ளூ கிராஸ் சங்கத்தார், 1964 முதல் வேறு வழி சொன்னார்கள்: கருத்தடை செய்யுங்கள், தடுப்பூசி போடுங்கள், பிடித்த இடத்திலேயே விடுங்கள். அதைக் கேட்டுக்கொள்ள மாநகராட்சிக்கு 1996 வரை ஆயிற்று. பிறகு 2001-இல் அது நாடு முழுவதற்கும் விதியாயிற்று. 2023-இல் விதிகள் திருத்தி எழுதப்பட்டன.

இந்த வழி பலிக்குமா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஜெய்ப்பூரில் 1994 முதல் 2002 வரை பெண் நாய்களில் 65 சதவீதத்துக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்தார்கள். நாய்களின் எண்ணிக்கை 28 சதவீதம் குறைந்தது. திட்டம் நடந்த பகுதியில் மனிதர்களின் வெறிநோய்ச் சாவு பூஜ்யத்துக்கு வந்தது. நடக்காத பகுதிகளில் அப்படி வரவில்லை. 2006-இல் இது அச்சாயிற்று. ஒரு பகுதி நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய்ச் சங்கிலி அறுந்துபோகும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் சொல்லுகிறது.

இந்தக் கணக்கோடு எங்கள் தெருவுக்கு வாருங்கள். ஜி.எஸ்.டி. சாலை ஓரத்துக் குப்பைத் தொட்டியும், கறிக்கடைக் கழிவும் அப்படியே இருக்க, பதினோரு நாய்களை மட்டும் ஏற்றி அனுப்பினால் என்ன நடக்கும்? சோறு இருக்கிற இடம் காலியாக இருக்காது. இரும்புலியூரிலிருந்தோ பெருங்களத்தூரிலிருந்தோ வேறு பதினோரு நாய்கள் வரும். அவை ஊசி போட்டவையா என்று யாருக்குத் தெரியும்? பையனின் முகத்தைத் தெரியாத நாய்கள். நமக்கும் அவற்றைத் தெரியாது. நாம் அனுப்பிய பதினொன்றோ, வேறு ஒரு தெருவில், வேறு ஒரு தாயின் பையன் பக்கத்தில் போய் இறங்கும். நம் தெருத் தொல்லையை அடுத்த தெருவில் கொட்டிவிட்டு வருவதற்கு நல்ல தமிழில் ஒரு மனு! அதை நான் எழுத வேண்டும்!

இதைச் சொன்னால் உடனே என்னையும் பிஸ்கட் கட்சியில் சேர்த்துவிடுவார்கள். இல்லை ஐயா. வெறி பிடித்ததாகச் சந்தேகம் உள்ள நாயையும் காரணமில்லாமல் பாய்ந்து பாய்ந்து கடிக்கிற நாயையும் தனியே பிரிக்க வேண்டும். விதிகளே அதற்கு வழி சொல்லுகின்றன. பள்ளிக்கூட வாசலில், ஆஸ்பத்திரி வராந்தாவில் நாய்க்கூட்டம் படுத்திருக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு, ஊசியும் கருத்தடையும் செய்த நாய்களை அதே இடத்தில் விடலாம் என்று சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் பள்ளிகள், மருத்துவமனைகள், பஸ் நிலையங்கள், ரயில் நிலையங்களிலிருந்து அகற்றவும் உத்தரவிட்டது. நீதிபதிகளுக்கே இது சுலபமான விஷயமாக இருக்கவில்லை. நமக்கு மட்டும் சுண்டல் தீருவதற்குள் எப்படி இவ்வளவு சுலபமாயிற்று என்றுதான் கேட்கிறேன்.

'மனிதனுக்கே கதியில்லை, பிராணிக்கு என்ன நலம்?' என்று ஒரு குரல் எப்போதும் வரும். 1953-இல் ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் பிராணி வதைத் தடை மசோதாவைக் கொண்டுவந்தபோதும் இந்தக் குரல் வந்திருக்கும். அரசாங்கமே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னபின் அவர் அதை வாபஸ் வாங்கினார். 1960-இல் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த பிராணி நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். நம் சென்னைதான் பல காலம் அதன் தலைமையிடம். பெருமைப்படலாம். ஆனால் அந்தச் சட்டம் முதல் குற்றத்துக்கு விதித்த அபராதம் என்ன தெரியுமா? பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த மேல்வரம்பு அசையாமல் நின்றது. இரண்டு காப்பியின் விலையில் ஒரு பசுவை அடித்து வதைக்கலாம். ஆராய்ச்சி மணி அடித்தால் அரசன் இறங்கி வந்து, ஐம்பது ரூபாயைக் கஜானாவில் கட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்ட கதை இது.

மனிதன் வேறு, மற்றவை வேறு என்று சுவர் எழுப்புகிறவர்கள் எங்கள் ஊரில் ஒரு விடியற்காலை வந்து நிற்க வேண்டும். தென்காற்று அடிக்கும் நாட்களில் வண்டலூர்க் காட்சிசாலையின் சிங்கம் கர்ஜிப்பது என் வீட்டு வாசலுக்குக் கேட்கும். 2021 ஜூன் மாதம் அந்தச் சிங்கங்களுக்குக் கொரோனா வந்தது. எந்த நோய்க்கு அஞ்சி நாம் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தோமோ, அதே நோய். நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. பிறகு இன்னொரு சிங்கமும் இறந்தது. நம் தெருவில் சங்கு ஊதிக்கொண்டிருந்த அதே நாட்களில், கூண்டுக்குள்ளும் அவை மூச்சுக்குத் திணறின. மூக்கும் நுரையீரலும் ஒரே மாதிரி என்று கிருமிக்குத் தெரிந்திருக்கிறது. வலி மட்டும் நமக்கே உரியது என்று நாம் எப்படிச் சாதிப்பது?

முட்டை தின்னாதீர்கள், மாடு கறக்காதீர்கள் என்று நான் உபதேசம் செய்ய வரவில்லை. நாமக்கல்லிலிருந்து வருகிற முட்டையை நானும் தின்கிறேன். அந்தக் கோழிக்குக் கூண்டில் கிடைக்கும் இடம், நான் இதை எழுதிக்கொண்டிருக்கிற தாளைவிடச் சிறியது என்பது இப்போது எனக்குத் தெரியும். 2017-இல் சட்டக் கமிஷன் தன் 269-ஆவது அறிக்கையில் கோழிகளுக்கான விதிகளின் நகலையே எழுதிக் கொடுத்தது. தெரிந்தபிறகு தின்பதும் தெரியாமல் தின்பதும் ஒன்றல்ல. முட்டைக்குக் கொஞ்சம் விலை கூடினாலும் கோழிக்குச் சிறகு விரிக்க இடம் வேண்டும் என்று கேட்க நான் தயாராக இருக்கிறேன். வாசகர்களும் தயாராக இருந்தால் சந்தோஷப்படுவேன்.

ஒரு வாரம் கழித்து மனுவை எழுதிக்கொண்டு போனேன். நாய்களை அகற்றச் சொல்லும் மனு அல்ல. எங்கள் தெரு நாய்கள் பதினொன்றுக்கும் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, காதில் அடையாள வெட்டுப் போட்டு, இங்கேயே விட வேண்டும். வருஷா வருஷம் ஊசி போட வேண்டும். குப்பையைத் தினமும் எடுக்க வேண்டும். கறிக்கடைக் கழிவைத் தெருவில் கொட்டுவதை நிறுத்த வேண்டும். கடித்த அந்த ஒரு நாயைத் தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். அவ்வளவுதான்.

முதல் கையெழுத்து அந்த இளம் தாயுடையது. "இனிமே வேற நாய் வந்து கடிக்காதுன்னு நிச்சயமா சொல்ல முடியுமா சார்?" என்று கேட்டாள். "நிச்சயம் என்று சொல்ல மாட்டேன் அம்மா, ஏற்றி அனுப்புவதைவிட இது நல்ல வழி என்று மட்டும் சொல்லுவேன்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பொய் சொல்லி வாங்கியிருந்தால் அந்தக் கையெழுத்து எனக்கு வேண்டியிருக்காது.

பெரியவர் மனுவை வீட்டுக்கு எடுத்துப்போனார். மறுநாள் கையெழுத்தோடு, ஜெய்ப்பூர்க் கணக்கைக் கூட்டிப் பார்த்ததாகவும் சொல்லி அனுப்பினார். மனசு விஷயத்தில் மட்டும் அவர் இன்னும் இறங்கி வரவில்லை, பாதகமில்லை. பிஸ்கட் அம்மாள்தான் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து நின்றார். "வண்டி வர்ற அன்னிக்கு என்னைக் கூப்பிடுங்க சார். வலை போட வேண்டாம். அதுங்க என் கைக்குத்தான் வரும்" என்றார். மோகன்பூர் ஆராய்ச்சியை அவர் படித்ததில்லை. ஆனால் அந்தக் கை இவ்வளவு நாள் செய்யாத உபகாரத்தை அன்றைக்குச் செய்யப்போகிறது.

மாநகராட்சிக்கு மனு போயிருக்கிறது, வண்டிக்காகக் காத்திருக்கிறோம். வண்டி வந்தால் நல்லது. வராவிட்டால் மறுபடி எழுதுவேன். எழுதுகிறவனுக்கு அதைவிட வேறு வேலை என்ன?

வாயில்லா ஜீவன் என்ற சொல்லை மட்டும் இனி என் எழுத்தில் உபயோகிப்பதாக இல்லை. கோழி காலால் சொல்லியிருக்கிறது. மீன் உதட்டைக் கல்லில் தேய்த்துச் சொல்லியிருக்கிறது. நாய் நெருங்கி வந்தும் சொல்லியிருக்கிறது, ஒதுங்கி நின்றும் சொல்லியிருக்கிறது. திருவாரூர் மணியின் கயிறு ஒரு பசுவின் வாய்க்கு எட்டுகிற உயரத்தில் தொங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கதையே இல்லை. மனுநீதியின் பெருமையைப் பாடுகிற நாம், நம் தெருவில் அந்தக் கயிற்றை எந்த உயரத்தில் கட்டியிருக்கிறோம் என்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொள்வது நல்லது.